கண்ட்ரோல் பதினான்கு

இதை நான் நேரில் பார்க்கவில்லை. கோகிலவாணி தன் விடுதி அறைத்தோழி ரஹ்மத்திடம் சொன்னாள். ரஹ்மத் என்னோடு கல்லூரியில் படித்தவள், அவள் எனக்குச் சொன்னாள். இரண்டு வாய் மாறி வந்த கதை. மனதுக்குள் ஓடியதை ஒருத்தி இன்னொருத்தியிடம் முழுதாகச் சொல்லிவிட முடியாது. விட்டுப்போன இடங்களில் நான் ஊகித்திருக்கிறேன். எழுதி முடித்ததும் கோகிலாவிடம் வாசிக்கக் கொடுத்தேன். "பயந்தது இதைவிட அதிகம்" என்று மட்டும் சொன்னாள். அந்த ஒரு திருத்தத்தைத்தான் என்னால் சரியாகச் செய்ய முடியவில்லை.

பன்னிரண்டு ஐந்துக்குச் சோதனைத் தட்டை வெள்ளித்தாளில் சுற்றி மேசை இழுப்பறைக்குள் வைத்துவிட்டு, கைபேசியில் முப்பது நிமிடத்துக்கு அலாரம் வைத்தாள் கோகிலவாணி. முப்பது நிமிடம் இருட்டில் இருக்க வேண்டும், அதுவரை யாரும் திறக்கக் கூடாது, அவ்வளவுதான் வேலை. உட்கார்ந்திருப்பதே வேலை. கோவையில் ஒரு மருத்துவக் கல்லூரியின் பின்கட்டில், முதல் மாடியில், முடக்குவாத ஆய்வுக்கென்று ஒதுக்கிய நீள அறை அது. உறைபெட்டியின் உறுமல் காலையிலிருந்து மாலைவரை நிற்காது, ஆனால் இன்றைக்குத்தான் அவளுக்கு அது காதில் விழுந்தது. இழுப்பறைக்குள் தொண்ணூற்றாறு குழிகள். ஒவ்வொரு குழியும் ஒரு பயறு விழுங்கும் அளவு. ஒவ்வொன்றிலும் யாரோ ஒருவருடைய ரத்த அணுக்கள் கக்கிய திரவத்தில் ஒரு சொட்டு; அதன்மேல் அவள் ஊற்றிய நிறமில்லாத கரைசல். எந்தக் குழியில் அழற்சிப் புரதம் அதிகமோ அந்தக் குழி அதிகமாக நீலமாகும். இப்போதே ஆகிக்கொண்டிருக்கும். வெள்ளித்தாளுக்குள், இருட்டில், யாரும் பார்க்காதபோதே. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. கடைசி வரிசையில் ஏழாவது, எட்டாவது, ஒன்பதாவது குழிகள் அவளுடையவை. அவளே தன் கையால் உறிஞ்சி அவளே விட்டாள். குப்பியின் மேல் ஒட்டியிருந்த சீட்டில் பெயர் இல்லை, கண்ட்ரோல் 14 என்றுதான் இருந்தது. கண்ட்ரோல் என்றால் நோய் இல்லாதவர். நோயாளிகள் நாற்பது பேரோடு ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாதவர் இருபது பேர் வேண்டும், அந்த இருபதில் அவள் பதினான்காவது. நோய் இல்லாதவர். அவள் வலது கையை மடியில் வைத்து இடது கையால் மூடிக்கொண்டாள். யாராவது பார்த்தால் குளிருக்கு என்று நினைப்பார்கள், ஏசி ஓடுகிறது. குளிர்தான். குளிரில் எல்லோருக்கும் விரல் மரத்துத்தான் போகும். ஆனால் எல்லோருக்கும் நடுவிரலின் அடிக்கணு இப்படிச் சூடாக, அமுக்கினால் பஞ்சுபோல உள்வாங்குகிற மாதிரி இருக்காது. அமுக்காதே. காலையிலிருந்து பதினோரு தடவை அமுக்கியாயிற்று. அமுக்கினால் எல்லாக் கணுவும் வலிக்கும். இடது கையிலும் அதே கணுவை அமுக்கிப் பார்த்தாள், ஒப்பிட. அங்கேயும் வலித்தது. அப்படியானால் சரி, இரண்டு கையிலும் ஒரே மாதிரி இருந்தால் இயல்புதானே என்று ஒரு கணம் நிம்மதி வந்தது. அடுத்த கணம் போயிற்று. இரண்டு கையிலும் ஒரே மாதிரி வருவதுதான் இந்த நோயின் அடையாளம் என்று அவளே நோயாளிகளுக்கான தமிழ்த் துண்டறிக்கையில் தட்டச்சு செய்திருக்கிறாள்.

சித்திரையில் ஆரம்பித்தது. விடுதியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போர்வைகளைத் துவைத்தாள், மறுநாள் காலை விரல்கள் மடங்கவில்லை. துவைத்ததால். அடுத்த நாளும் மடங்கவில்லை, ஈரப் போர்வை என்ன கனம் என்று சொல்லிக்கொண்டாள். ஒரு போர்வையை எத்தனை நாளைக்குத் துவைத்துக்கொண்டே இருக்க முடியும்? பிறகு காலையில் எழுந்ததும் குளியலறைக்குப் போய்ச் சுடுதண்ணீர் வாளியில் இரண்டு கையையும் மணிக்கட்டுவரை விட்டுக்கொண்டு உட்காருவது வழக்கமாயிற்று. வெளியே ரஹ்மத் கதவைத் தட்டுவாள், "உள்ள என்னடி, மீன் வளக்கிறியா?" என்று. பத்து நிமிடம், பிறகு இருபது, இப்போது நாற்பது. நாற்பது நிமிடம் ஆகிறது விரல் விரலாக ஆக. ரஹ்மத் குரலுக்குச் சிரித்துக்கொண்டே தண்ணீருக்குள் கையைப் பார்ப்பாள். தண்ணீரில் விரல்கள் வளைந்துதான் தெரியும், எல்லோருக்கும் தெரியும், அது வெளிச்சத்தின் குணம், பத்தாம் வகுப்பில் படித்தது. ஆனாலும் கையை வெளியே எடுத்து நேராகத்தான் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் மூச்சு வரும். இப்படி ஏழு வாரம் ஆனபோதுதான் ஆக்னஸ் அக்கா அந்தப் படிவத்தை நீட்டினாள்.

ஆக்னஸ் அக்கா அந்த ஆய்வுக்கூடத்தின் மூத்த டெக்னீஷியன். தூத்துக்குடிக்காரி, கோவைக்கு வந்து பதினெட்டு வருடம் ஆகியும் பேச்சு கடற்கரையை விட்டு நகரவில்லை. கண்ட்ரோல் ரத்தம் குறைந்தால் ஆய்வுக்கூடத்து ஆட்களே கையை நீட்டுவது அங்கே வழக்கம். எழுதாத வழக்கம், ஆனால் யாரும் மறுத்ததில்லை. புதிதாகச் சேர்ந்தவர் கை நீட்டாவிட்டால்தான் ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

"ஏட்டி, உட்காரு. உன் ரத்தமும் ஆயிட்டுன்னா வாட்ச்மேன் ரத்தம்தான் பாக்கி. அந்த மனுசனுக்குச் சர்க்கரை வேற."

"இப்பவேவாக்கா?"

"பின்ன, நல்ல நேரம் பாத்துத்தான் எடுக்கணுமோ? படிவத்துல டிக்கப் போடு. பன்னெண்டு கேள்வி. எல்லாத்துக்கும் இல்ல இல்லன்னு போட்டா நீ ஆரோக்கியம். பழரசம் வாங்கித் தாரேன்."

ஒன்பதாவது கேள்வி. ஆறு வாரங்களுக்கு மேல் மூட்டுவலி, வீக்கம், அல்லது காலை நேர விறைப்பு உண்டா? அவள் மனதுக்குள் எண்ணினாள். ஏழு வாரம். ஆனால் முதல் வாரம் போர்வையால், அது கணக்கில் வராது. நடுவில் ஒரு புதன்கிழமை கொஞ்சம் பரவாயில்லை என்று இருந்தது, அதையும் கழித்துவிடலாம். ஆறு வாரத்துக்கு மேல் என்றால் ஆறும் ஒரு நாளுமா, ஆறேயா? இப்படிக் கழித்துக் கழித்து ஐந்தரை வாரத்துக்குக் கொண்டுவந்தாள். பேனா கையில் இருந்தது. பேனாவைப் பிடித்திருந்த இரண்டு விரலும் வலித்துக்கொண்டிருந்தன. இல்லை என்ற கட்டத்தில் டிக் போட்டாள். அந்த டிக் மற்ற பதினொன்றையும்விட அழகாக விழுந்தது. யாருக்காகப் போட்டாள்? ஆக்னஸ் அக்கா அவசரப்படுத்தினாள் என்று சொல்லலாம், அது பொய். பத்தொன்பதாகக் குறைந்துவிடும் என்று சொல்லலாம், அதுவும் பொய், வேறு யாரையாவது பிடித்திருப்பார்கள். உண்டு என்று டிக் போட்டால் அது எழுதப்பட்டுவிடும். எழுதாதவரை அது போர்வை. எழுதினால் அது அம்மாவின் கை.

அம்மா மயிலாத்தாளின் கை. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மடித்துப் பெட்டியில் அடுக்கும் பிரிவில் பதினோரு வருடம் இருந்தவள். இன்றைக்கு அந்தக் கையின் நான்கு விரல்களும் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்ந்திருக்கும், காற்றடித்த பயிர்போல, எல்லாம் ஒரே திசையில். ஒரே நாளில் சாயவில்லை. எப்போது சாய்ந்தது என்று யோசித்தால் கோகிலாவுக்குப் பிடிபடவே இல்லை, அதுதான் பயங்கரம், ஒவ்வொரு நாளும் பார்த்துக்கொண்டிருந்த கை, ஒரு நாள்கூட இன்றைக்கு மாறிவிட்டது என்று தெரியவில்லை. முதலில் சாப்பாட்டுப் போசியின் மூடி திறக்க வரவில்லை. பிறகு ஜாக்கெட் கொக்கி. கோகிலா மூன்றாம் வகுப்பிலிருந்தே அம்மாவுக்குக் கொக்கி மாட்டிவிட்டிருக்கிறாள், எல்லா வீட்டிலும் பெண் பிள்ளைகள்தான் அம்மாவுக்கு மாட்டிவிடுவார்கள் என்று வெகுநாள் நினைத்திருந்தாள். கம்பெனியில் சொல்லவில்லை. பக்கத்து மேசை அக்கா இரண்டு பேர் வேலையையும் மறைத்து மறைத்துச் செய்துகொடுத்தாள். ஒரு மாலை சூப்பர்வைசர் வண்டியை வாசலில் நிறுத்தி, வீட்டில் யாரும் இல்லையென்று நினைத்து, ஒன்பது வயது கோகிலாவிடம் கேட்டார், "பாப்பா, அம்மாக்குக் கைல ஏதாச்சும் பிரச்சனையா?" அம்மா கதவுக்குப் பின்னால்தான் நின்றிருந்தாள். சொல்லிக் கொடுத்திருந்தாள். "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க" என்றாள் கோகிலா. நல்ல தெளிவாக, பள்ளிக்கூடத்தில் செய்யுள் ஒப்பிப்பதுபோல. அவர் தலையைத் தடவிவிட்டுப் போனார். அம்மா கதவைத் திறந்து வந்து அவளைக் கட்டிக்கொண்டாள், அந்தக் கையால், முதுகில் அந்த விரல்கள் அழுந்தாமல் மேலே மிதந்துகொண்டிருந்தன. ஒரு வருடம் கிடைத்தது அந்த 'ஒண்ணுமில்லீங்க'வில். அந்த ஒரு வருடத்தில்தான் கணுக்கள் அரித்துப்போயின என்று பிறகு, இங்கே சேர்ந்த பிறகு, அம்மாவின் பழைய எக்ஸ்ரேயைக் கொண்டுவந்து காட்டியபோது சுகந்தி மேடம் சொன்னார். அவர்தான் இந்த ஆய்வின் தலைவர். சீக்கிரம் வந்திருந்தால், என்று ஆரம்பித்துவிட்டு, கோகிலாவின் முகத்தைப் பார்த்து, அந்த வாக்கியத்தை முடிக்காமல் விட்டார்.

கைபேசி அதிர்ந்தது. அலாரமோ என்று உயிர் போய் வந்தது. அம்மா.

"என்ன கண்ணு, சோறு உண்டாச்சா?"

"இன்னுமில்லம்மா. ஒரு வேலை ஓடிட்டிருக்குது."

"வேலை ஓடுனா ஓடீட்டுப் போச்சாது. நீ உக்காந்து உண்ணு. கத்திரிக்கா போட்டாங்கன்னா ஒதுக்கி வையி. வாய்வு."

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லைனு எத்தன தடவ சொல்றது."

"நீ சொல்றே. என்ற கை கேக்கோணுமல்லொ. இன்னைக்குக் குண்டாவக் கீழ போட்டுட்டேன், ரசம் பூரா போச்சு. உங்கப்பன் நக்கலப் பாரு, கலெக்டரம்மா எதையும் தொடமாட்டாங்களாமான்னு கேக்கறாரு."

"நீ என்ன சொன்னே?"

"கலெக்டரு புருசன்தான் வீடு தொடைக்கோணும்னு துணியக் கையில குடுத்துட்டேன்." அம்மா சிரித்தாள். பிறகு, சிரிப்பு முடிகிற இடத்தில், "உனக்கு ஒண்ணுமில்லீல்ல அம்மிணி? குரல் ஒரு மாதிரி இருக்குது" என்றாள்.

"ஒண்ணுமில்லம்மா."

சொல்லிவிட்டாள். யோசிக்கவே இல்லை, வாய் தானாகச் சொன்னது. அம்மா பேசி முடித்த பிறகும் கைபேசியைக் காதிலேயே வைத்திருந்தாள். பன்னிரண்டு பதினேழு. பதினெட்டு நிமிடம் இருக்கிறது. நீலம் இப்போது எந்த அளவில் இருக்கும்? ஏழாவது குழியில் அவளுடைய அணுக்களுக்கு ஒன்றுமே கொடுக்கவில்லை, சும்மா விட்டது. எட்டாவதிலும் ஒன்பதாவதிலும் கிருமிச் சுவரின் தூள் ஒரு துளி. அணுக்களின் மேல் காவல் நிற்கிற ஏற்பிகள் இருக்கின்றன, டோல் ஏற்பிகள் என்று பெயர், கிருமியின் சுவர் வந்து பட்டால் உடனே உள்ளே தகவல் போகும், அணு அழற்சிப் புரதத்தைக் கக்கும். கிருமியை அதற்கு முன் பார்த்திருக்க வேண்டியதில்லை, பழக்க வேண்டியதில்லை, பிறக்கும்போதே அந்தக் காவலோடுதான் பிறக்கிறோம். ஆக்னஸ் அக்கா முதல் வாரத்தில் விளக்கியபோது கோகிலாவுக்கு அம்மாவின் கம்பெனி வாட்ச்மேன் ஞாபகம் வந்தது. அவருக்கு முகம் தெரியாது, பேர் தெரியாது, கேட்டுப் பக்கம் எது அசைந்தாலும் விசில். சரி, கிருமிக்கு விசில் அடித்தால் நல்லதுதான். ஆனால் இந்த நோயில், மூட்டுக்குள் கிருமியே இல்லாமல் விசில் நிற்காமல் அடிக்கிறது. ஏனென்றால் அந்த ஏற்பிகள் கிருமியை மட்டும் பிடிப்பதில்லை, உடைந்த சொந்தச் சதையின் துணுக்குகளையும் பிடித்துக்கொள்கின்றன, குருத்தெலும்பிலிருந்து உதிர்ந்த தூள், செத்த அணுவிலிருந்து சிந்தியது. துணுக்கு பட்டதும் விசில், விசிலுக்கு அழற்சி, அழற்சியில் இன்னும் கொஞ்சம் குருத்தெலும்பு உடையும், உடைந்த துணுக்கு மறுபடி போய் அதே ஏற்பியில் படும். ஆரம்பித்து வைத்தது எதுவோ அது எப்போதோ போய்விட்டிருக்கும். அதற்குப் பிறகு தன்னைத்தானே தின்று தானே வளரும். அக்கா வெள்ளைப் பலகையில் ஒரு வட்டம் போட்டு அம்புக்குறி போட்டாள். அந்த வட்டத்தைக் கோகிலா நோட்டில் வரைந்தாள், சுத்தமாக, ஒரு மூடியைக் கவிழ்த்து வைத்து. அன்றைக்கு அது பாடம். இன்றைக்கு இந்த நாற்காலியில் அவள் அந்த வட்டத்துக்குள்ளேயே உட்கார்ந்திருந்தாள். கணுவை அமுக்குவாள், வலிக்கும், வலித்தால் பயம், பயத்தில் மறுபடி அமுக்குவாள்.

ஒருவேளை ஏழாவது குழி நீலமாகிவிட்டால். ஒன்றும் கொடுக்காத குழி. கொடுக்காமலே கத்துகிற அணுக்கள். அப்படியானால் என்ன அர்த்தம்? அக்கா சொல்லியிருக்கிறாள், இது நோயைக் கண்டுபிடிக்கிற சோதனை இல்லை, நாற்பது பேரையும் இருபது பேரையும் கூட்டமாக வைத்துப் பார்க்கிற சோதனை, தனி ஆளின் எண்ணை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது என்று. அது மூளைக்குத் தெரியும். ஆனால் மூளைக்குத் தெரிந்தது வயிற்றுக்கு இறங்கவில்லை. அல்லது தண்ணீரில் அழுக்கு இருந்திருக்கலாம். அந்த நினைப்பைப் பிடித்துக்கொண்டாள். ரத்தம் எடுத்த அன்று அணுக்களை வளர்த்த ஊட்டக் கரைசலை அவள்தானே கலந்தாள். கண்ணுக்குத் தெரியாத கிருமிச் சுவர்த் தூள் எதில் வேண்டுமானாலும் ஒட்டியிருக்கும், கொதிக்க வைத்தாலும் போகாது, ஒரு தூசு இருந்தால் போதும் ஏற்பிகள் கத்தும். பாட்டிலைத் திறந்து வைத்துவிட்டுக் கைபேசி எடுத்தோமா? மூடியைக் கவிழ்த்து வைத்தோமா, மல்லாத்தி வைத்தோமா? மல்லாத்தி வைத்த ஞாபகம். இல்லை, மூடியைத் திறக்கவே அன்றைக்கு வரவில்லை, கையுறையோடு வழுக்கியது, கையுறையைக் கழற்றிவிட்டு வெறுங்கையால்... வெறுங்கையாலா? ஆமாம், வெறுங்கையால். கடவுளே, அப்படியென்றால் அழுக்காகத்தான் இருக்கும். அழுக்காகவே இருக்கட்டும். நான் கவனமில்லாதவளாகவே இருந்துவிட்டுப் போகிறேன். ஆனால் அழுக்கென்றால் அவள் குழி மட்டுமில்லை, அன்று வளர்த்த அத்தனை பேருடையதும் கெட்டது, காலில் வலியோடு படியேறி வந்து கை நீட்டிய நோயாளிகளின் ரத்தமும், அது போயிற்று, மேடத்தின் இரண்டு வருடம் போயிற்று. வேண்டாம், அழுக்கு வேண்டாம். அப்படியானால் நோய். வேண்டாம், நோய் வேண்டாம். தட்டு ஒன்றுதான், அதில் ஒன்று உண்மையாகித்தான் தீர வேண்டும். அவள் கை இழுப்பறையின் பிடிக்குப் போயிருந்தது. எப்போது போனது? இழுத்து, வெள்ளித்தாளின் ஓரத்தைக் கொஞ்சம் தூக்கி, கடைசி வரிசையை மட்டும். யாருக்கும் தெரியாது. அக்கா உறைபெட்டி அறையில் இருக்கிறாள். கொஞ்சம் வெளிச்சம் பட்டால் என்ன. கையை எடுத்தாள். எடுத்த கையை உட்காரும் பலகைக்கும் தொடைக்கும் நடுவில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

பார்த்துவிட்டால் சொல்ல மாட்டேன். அதுதான். அதை நினைத்ததும் அறையில் எல்லாம் நின்றதுபோல் இருந்தது. நீலம் கம்மியாக இருந்தால் சொல்ல மாட்டாள், தனக்கு ஒன்றுமில்லை என்று நம்பிக்கொண்டு அடுத்த நாள் காலை மறுபடி வாளியில் கையை விட்டுக்கொண்டு உட்காருவாள், நாற்பது நிமிடம் அறுபதாகும்வரை, விரல்கள் ஒரு பக்கமாகச் சாயும்வரை. நீலம் அதிகமாக இருந்தால் சொல்வாள், ஆனால் அப்போது சொல்வதற்கு என்ன மதிப்பு? பிடிபட்ட பிறகு ஒப்புக்கொள்வது. எண் கெட்டுப்போனதும் அதற்கொரு காரணம் சொல்கிறாள் என்றுதான் மேடம் நினைப்பார். நினைக்காவிட்டாலும் கோகிலாவுக்கே அப்படித்தான் தெரியும். ஆகவே அலாரம் அடிப்பதற்குள் சொன்னால்தான் சொன்னது. பன்னிரண்டு இருபத்திரண்டு. பதின்மூன்று நிமிடம். சொன்னால் என்ன ஆகும்? படிவத்தில் பொய் சொன்னவள். கையெழுத்துப் போட்டிருக்கிறாள், கீழே, மேற்கண்டவை உண்மை என்று. ஒன்றில் பொய் சொன்னவள் எதில் சொல்லமாட்டாள்? அவள் எழுதிய மற்ற நோட்டெல்லாம், அளந்த மற்றதெல்லாம் ஒவ்வொன்றாகப் புரட்டுவார்கள். புரட்டட்டும், அதெல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. சரியாகத்தான் இருக்கிறதா? வீட்டில் முதல் பட்டதாரி என்ற சான்றிதழை வாங்க அம்மா தாலுகா ஆபீசில் மூன்று நாள் நின்றாள், கையெழுத்துப் போடச் சொன்னபோது பேனா நிற்காமல் கைநாட்டு வைத்தாள், எழுதத் தெரிந்தவள், அழகாக எழுதுவாள். கிளார்க், படிக்கலையாம்மா என்றான். அம்மா ஆமாங்க என்றாள். கையைக் காட்டுவதைவிடப் படிக்காதவளாக இருப்பது அவளுக்குப் பரவாயில்லை. சொன்னால் அம்மாவுக்குத் தெரியும். தெரிந்தால் அழமாட்டாள், அதுதான் பயம், ஒரு வார்த்தையும் சொல்லாமல் தன் கையைப் பார்ப்பாள், தான்தான் கொடுத்தோம் என்று. பிறவியிலேயே வருகிற காவல் என்று அக்கா சொன்னபோது அந்த 'பிறவி' என்ற இடத்தில் கோகிலாவின் பேனா நின்றது நிஜம். இருபத்து நான்கு. வாய்க்குள் வாக்கியத்தைக் கட்டிப் பார்த்தாள். அக்கா, ஒரு விஷயம். அக்கா, அந்தப் படிவத்துல. ஒவ்வொரு தடவையும் அக்கா என்பதோடு நாக்கு ஒட்டிக்கொண்டது.

"ஏட்டி, கனவா? அமிலத்த எடுத்து வெச்சியா?" ஆக்னஸ் அக்கா கையுறையை உதறிக்கொண்டு வந்தாள். அலாரம் அடித்ததும் குழிகளில் ஊற்றி நீலத்தை நிறுத்த வேண்டிய நீர்த்த அமிலம். "புது பாட்டில் அலமாரில இருக்கு பாரு. திறந்து அளந்து வெய்யி. முப்பதுன்னா முப்பதுதான், முப்பத்தொண்ணு ஆகக் கூடாது."

அவள் எழுந்து பாட்டிலை எடுத்தாள். இடது கையில் பிடித்து வலது கையால் மூடியைத் திருகினாள். முதல் திருகில் கட்டைவிரலின் அடியிலிருந்து முழங்கைவரை ஒரு கோடு மின்னிவிட்டுப் போனது. மூடி அசையவில்லை. மேல்சட்டை நுனியை வைத்துத் திருகினாள். அசையவில்லை.

"உங்க ஹாஸ்டல்ல சோறு போடுதாங்களா, சோத்து வாசனைய மட்டும் காட்டிட்டு அனுப்புதாங்களா?" அக்கா சிரித்துக்கொண்டே கையை நீட்டினாள். "தா இங்கன."

வழுக்குதுக்கா என்று சொல்லியிருக்கலாம். அந்தச் சொல் தயாராகவே நாக்கில் இருந்தது, நல்ல தெளிவாக.

"அக்கா, ஒன்பதாவது கேள்விக்கு நான் பொய்யா டிக் போட்டேன்."

"எதுல?"

"படிவத்துல. காலைல விறைப்பு இருக்கானு கேட்டிருந்துச்சு. இருந்துச்சு. அப்பவே ஏழு வாரம். இப்ப பதிமூணு. ரெண்டு கையும். பதினாலு நான்தானக்கா, அது கண்ட்ரோல் இல்ல."

அக்கா பாட்டிலை மேசையில் வைத்தாள். கோகிலாவின் கையைப் பிடித்து, வெளிச்சத்தில் திருப்பி, நடுவிரலின் கணுவைத் தன் கட்டைவிரலால் மெதுவாக அமுக்கினாள். கோகிலாவின் தோள் தானாக மேலே போயிற்று.

"அட மூதி" என்றாள் அக்கா. "தெனமும் இந்தக் கையப் பாத்துட்டுத்தான இருக்கேன். இதே ரூம்ல இருந்துகிட்டு." பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள், மேசை நோட்டை இழுத்தாள், பேனாவைத் திறந்தாள். "எவ்வளவு நேரம் இருக்கு?"

"எட்டு நிமிஷம்."

"நல்லது. இப்பவே எழுதிருதேன். நம்பரப் பாத்த பெறவு எழுதுனா நம்மள நாமளே நம்ப மாட்டோம்." எழுதினாள். "கையெழுத்துப் போடு. வலிச்சா மெதுவாப் போடு, அவசரமில்ல. மேடத்துக்கிட்ட நான் வாரேன் கூட. அவங்க ஏசுவாங்க, கேட்டுக்க. தட்டு முடிஞ்சதும் ரெண்டு பேரும் கீழ ஓபி-க்குப் போறோம்."

"அம்மாகிட்ட..."

"அது உன் வேல. அதுல நான் வரமாட்டேன்."

கோகிலா கையெழுத்துப் போட்டாள். விரல் மடங்காததில் 'வாணி' என்பது வெறும் கோடாகப் போயிற்று. பயம் போய்விட்டது என்று அவள் ரஹ்மத்திடம் சொல்லவில்லை. முன்பு எட்டுத் திசையிலும் இருந்த பயம் அப்போது ஒரு கதவுக்கு முன்னால் வந்து வரிசையில் நின்றது என்று சொன்னாளாம். இருவரும் இழுப்பறையைப் பார்த்துக்கொண்டு அலாரத்துக்குக் காத்திருந்தார்கள்.

அன்று மாலையே கீழ்த்தளத்தில் டாக்டர் அவள் கணுக்களை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்து, ரத்தம் எடுத்து, அந்த வாரமே மாத்திரை ஆரம்பித்தார். முடக்குவாதம்தான், ஆரம்ப நிலை. மேடம் ஏசினார். வேலை போகவில்லை. இவ்வளவும் ரஹ்மத் சொன்னது.

அடுத்த வருடம் அதே ஆய்வுக்கூடத்தில் எனக்கு வேலை கிடைத்தது. ஒரு கதை இரண்டு வாய் மாறும்போது சொல்பவருக்குச் சாதகமாகக் கொஞ்சம் நகரும் என்பது எனக்குத் தெரியும்; நானும் அப்படி நகர்த்தியிருக்கிறேன். அதனால் ஆக்னஸ் அக்காவிடம் கேட்டு அந்த மேசை நோட்டை எடுத்துப் பார்த்தேன். கண்ட்ரோல் 14 நீக்கம், தானாகச் சொன்னது, என்று அக்காவின் கையெழுத்தில் இருக்கிறது. நேரம் 12.27. பக்கத்தில் தட்டைப் படித்த இயந்திரத்தின் அச்சுத்தாள் ஒட்டியிருக்கிறது, அதில் நேரம் 12.39. தட்டில் அழுக்கு இல்லை. அன்று வளர்த்த மற்றவர்களின் எண்கள் ஒழுங்காகவே இருந்தன. கடைசி வரிசையில் ஏழு, எட்டு, ஒன்பதைத் தேடினேன். அந்த மூன்று எண்களும் மற்ற கண்ட்ரோல்களின் எண்களுக்கு நடுவில்தான் இருந்தன, அதிகமும் இல்லை, குறைவும் இல்லை.